கருடன் குஞ்சுக்கு அநாதைச் சான்று

எங்கள் வாரியத்தைப் பற்றி யாரும் தப்பாகப் பேசக் கூடாது. 1971-ல் தொடங்கி இரண்டரை வருடம், ஒரு பறவை கூட இல்லாமல் வேட்டைப் பறவைகள் மறுவாழ்வு வாரியம் மிக ஒழுங்காக நடந்தது. பத்து மணிக்கு வந்தோம், ஐந்து மணிக்குப் போனோம். கடிதம் எழுதினோம், பதில் வந்தது, அந்தப் பதிலுக்கு ஒரு பதில் எழுதினோம். பருந்து, கழுகு, வல்லூறு, ஆந்தை என்று நான்கு இனத்துக்கும் தனித்தனிக் கோப்பு திறந்து, நாடா கட்டி, பீரோவில் அடுக்கியாயிற்று. பறவை வந்து சேராதது பறவைகளின் குற்றம். நான் அங்கே தட்டச்சன். போன கடிதமெல்லாம் என் விரல் வழியாகத்தான் போனது. ஆகையால் நான் சொல்வதை நம்பலாம். நம்பாவிட்டால் நகல் இருக்கிறது, வந்து பாருங்கள்.

1973 கடைசியில் எங்களுக்கு ஒரு நிலையம் கிடைத்தது. கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைல் உள்ளே, தொழிற்பேட்டைக்கென்று எடுத்த நிலத்தில் ஒரு மூலை. முக்கோணமாக இருந்த அந்தத் துண்டை எந்தக் கம்பெனிக்காரனும் சீந்தவில்லை. எனவே அது பறவைகளுக்கு மிகவும் ஏற்றது என்று முடிவாயிற்று. ஆறு கூண்டு, ஒரு அறை, சுற்றிலும் முள்கம்பி வேலி, ஒரு கேட், பதினோரு போர்டு. போர்டுகளில் பெரியது 'சத்தம் போடாதே' என்றது. சத்தம் போட அங்கே ஒரு மைல் சுற்றளவில் ஆள் கிடையாது. அங்கிருந்த ஐம்பது குடிசைகளை முந்தின வருடமே பெயர்த்துப் புதுவாயல் பக்கம் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள்.

அந்த ஐம்பதில் ஒரு குடிசை ஆதிகேசவனுடையது. கூலிக்கு நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த கை. நிலம் போனபின் கைக்கு வேலை இல்லை. பராமரிப்பாளர் வேலைக்கு நாற்பது பேர் வந்தார்கள், அவனும் வந்தான். எங்கள் இயக்குநர் வீரராகவன் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். யாரையும் திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். ஆணை மட்டும் போடுவார்.

"பேர் என்ன?"

"ஆதிகேசவன் சார்."

"பெருமாள் பேர். கருடன் வரப்போகிற இடம். இவனே இருக்கட்டும்" என்றார் இயக்குநர்.

மற்ற முப்பத்தொன்பது பேரில் ஒருவன் கோழிப்பண்ணையில் ஆறு வருடம் இருந்தவன். அவன் பேர் சூசை. என்ன செய்வது, பேர் பொருந்தவில்லை.

விதி பதினான்கை நான்தான் தட்டச்சு செய்தேன். 'பணியாளர் நிலைய வளாகத்துக்குள்ளேயே, தனித்து, வசித்தல் வேண்டும். குடும்பத்தினர் உடனிருப்பது பறவைகளின் மனநிலையைப் பாதிக்கும். குடும்பத்தினர் ஞாயிற்றுக்கிழமை மூன்று முதல் நான்கு மணி வரை, கேட்டுக்கு வெளியே நின்று, பேசலாம்.' எந்தப் பறவையின் மனநிலை என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஆறு கூண்டும் காலி.

ஆதிகேசவனின் மனைவி சின்னப்பொண்ணு புதுவாயலில் இருந்தாள். ஞாயிறு தவறாமல் நடந்து வருவாள். வேலிக்கு வெளியே அவள், உள்ளே இவன். கம்பி இடுக்கில் தூக்குச்சட்டியை நீட்டுவாள். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் ஒருநாள் கூடப் பிரிந்திருந்ததில்லை என்பது பின்னால்தான் எனக்குத் தெரியும்.

தினசரி அறிக்கையில் இரண்டு பத்தி. முதல் பத்தி 'இருப்பு', அதில் எத்தனை பறவை என்று எழுத வேண்டும். இரண்டாவது 'குறிப்பு'. ஆதிகேசவன் கோணல் எழுத்தில் எழுதுவான்: 'இருப்பு: இல்லை. குறிப்பு: இன்று யாரும் வரவில்லை.' அடுத்த நாளும் அதே. ஞாயிறு நீங்கலாக முப்பத்தெட்டு நாள் அதே. நாங்கள் அது பறவைகளைப் பற்றியது என்று நினைத்துக் கோப்பில் சேர்த்தோம்.

தை மாதம் ஒரு கம்பெனிக்கு ரோடு போட, ஏரிக்கரை அரசமரத்தை வெட்டினார்கள். மரத்தோடு ஒரு கருடன் கூடும் விழுந்தது. மற்றவர்கள் செம்பருந்து என்று சொல்வதைத்தான் நாங்கள் அலுவலகத்தில் கருடன் என்போம். ஒரு குஞ்சு, பத்து பன்னிரண்டு நாள் வயது. அது கிளைக்கு நடுவே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. ஆதிகேசவன் ஓடிப்போய்த் துண்டில் ஏந்தி எடுத்து வந்தான். அன்று அறிக்கையில் எழுத்தே நிமிர்ந்திருந்தது. 'இருப்பு: ஒன்று. குறிப்பு: கருடன் குஞ்சு. என்னைப் பார்த்துக் கத்துது.'

வாரியம் பரபரப்பாகிவிட்டது. இரண்டரை வருடத்தில் முதல் பறவை! ஆனால் சேர்க்கை விதி இருக்கிறதே. காயமுற்ற பறவை என்றால் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். அநாதைப் பறவை என்றால் வருவாய்த் துறையின் அநாதைச் சான்று வேண்டும். மருத்துவர் வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். துரதிருஷ்டவசமாகக் காயம் ஏதும் இல்லை. சின்னதாக ஒன்று உண்டாக்க முடியுமா என்று எங்கள் தலைமை எழுத்தர் கேட்டார். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

ஆகவே கிராமத்து வருவாய்க் கணக்கு பார்க்கும் கர்ணம் பரசுராமனிடம் போகும்படி ஆதிகேசவனுக்கு உத்தரவாயிற்று. அவன் குஞ்சை மடியில் கட்டிக்கொண்டு போனான்.

"நைனா, அச்சடிச்ச பாரம் மனுசனுக்குத்தான் கீது. பட்சிக்குன்னு தனியா பாரம் கெடையாது" என்றார் கர்ணம்.

"நீங்கதான் சாமி பாத்து எதுனா செய்யணும். சீட்டு இல்லாம கூண்டுல வெக்கக் கூடாதுன்ட்டாங்க."

"ஆவட்டும், குந்து. பேரு?"

"கருடன்."

"அப்பா பேரு?"

ஆதிகேசவன் யோசித்தான். "பெரிய கருடனா இருக்கும் சாமி."

கர்ணம் கடகடவென்று எழுதினார். மதம் இந்து. உட்பிரிவு வைணவம். இருப்பிடம் அரசமரம். தாய் தந்தையர் இறந்த காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"ரெண்டும் செத்துச்சா, பாத்தியா?"

"பாக்கல சாமி. மரம் உய்ந்தப்ப ரெண்டும் அங்க இல்ல."

"ஏய், செத்தாத்தான்யா சர்ட்டிபிகேட்டு!"

ஆதிகேசவன் மடியில் குஞ்சு கத்தியது. 'மரம் விழுந்து மரணம்' என்று எழுதிக் கர்ணம் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து இரண்டையும் மரம் வெட்டினவர்களே போட்டார்கள். முத்திரை விழுந்து சான்று வந்து சேர ஒன்பது நாள். அதுவரை குஞ்சு விதிக்குப் புறம்பாக ஆதிகேசவனின் அறையில், அவன் துண்டிலேயே தூங்கியது. அதற்கு வாரியம் அனுமதித்த ஆகாரம் ஊறவைத்த கொண்டைக்கடலை, பழுத்த மிளகாய், கொய்யாப்பழம். எங்கிருந்தோ கிடைத்த கிளிகளின் ஆகாரப் பட்டியலை நான்தான் நகல் எடுத்தேன். குஞ்சு கொய்யாப்பழத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. சின்னப்பொண்ணு, பழவேற்காட்டிலிருந்து கூடை தூக்கி வரும் பெண்களிடம் பொடிமீன் கேட்டு வாங்கி, கிழமை கூடப் பார்க்காமல் வேலியோரம் வந்து வைத்துவிட்டுப் போனாள். அதனால் பிழைத்தது.

பத்தாம் நாள் சான்று வந்தது. குஞ்சு முறைப்படி மூன்றாம் எண் கூண்டில் சேர்க்கப்பட்டது. அன்று சாயங்காலமே அதன் அம்மா வந்துவிட்டது.

வெள்ளைத் தலை, செம்மண் நிற உடம்பு. வானத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நேரே மூன்றாம் கூண்டின் மேல் இறங்கியது. காலில் ஒரு கெண்டை. அதைக் கிழித்துக் கிழித்துக் கம்பி வலைக்குள் அலகை விட்டு ஊட்டியது. ஆதிகேசவன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அறைக்குப் போய், சந்தோஷம் தாங்காமல், தன் வாழ்க்கையிலேயே பெரிய தப்பைச் செய்தான். நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதிவிட்டான். 'குறிப்பு: குஞ்சின் அம்மா உயிரோடு கீது. தேடிக்கிட்டு வந்து ஊட்டிச்சு. எல்லோருக்கும் சந்தோசம்.'

எங்களில் ஒருவருக்கும் சந்தோஷம் இல்லை. இயக்குநர் அதை மூன்று தரம் படித்தார். அம்மா உயிரோடு இருந்தால் அநாதைச் சான்று பொய். சான்று பொய் என்றால் சேர்க்கை செல்லாது. சேர்க்கை செல்லாது என்றால் நிலையத்தில் பறவை இல்லை. அடுத்த மாதம் திறப்பு விழா. பெரிய மனிதர் ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டு, கல்வெட்டில் பெயர் கூடச் செதுக்கியாகிவிட்டது.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு ஜீப்பில் புறப்பட்டது. இயக்குநரும், வாக்குமூலம் பதிவு செய்ய நானும், கூடப் போனோம். நாற்காலிகளைக் கூண்டுக்கு எதிரே போட்டோம். தாய்ப் பறவை விளக்குக் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. கருடனைக் கண்டதும் வீரராகவன் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். குழுவும் எழுந்து போட்டுக்கொண்டது. பிறகு எல்லோரும் உட்கார்ந்து அதை விசாரிக்கத் தொடங்கினோம்.

"உரிமை கோரும் பறவை இதுதானா?" என்றார் முதல் உறுப்பினர்.

"இதான் சார் அம்மா" என்றான் ஆதிகேசவன்.

"அம்மா என்று நீ சொல்லக் கூடாது. அதை முடிவு செய்யத்தான் நாங்கள் வந்திருக்கிறோம். உனக்கு எப்படித் தெரியும்?"

"மீனு கொண்டாந்து ஊட்டுது சார்."

"நீயும்தான் ஊட்டுகிறாய். நீ அம்மாவா?"

"இல்ல சார்" என்றான்.

"பதிவு செய்யுங்கள். உணவு ஊட்டுவது தாய்மைக்குச் சான்றாகாது என்று பராமரிப்பாளரே ஒப்புக்கொள்கிறார்."

இரண்டாவது உறுப்பினர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "மரம் விழுந்தபோது இந்தப் பறவை எங்கே இருந்தது?"

"எரை தேடப் போயிருந்திச்சி சார்."

"அதாவது, பச்சைக் குழந்தையைத் தனியே விட்டுவிட்டு."

"எரை தேடாத எப்டி சார்..."

"பதிவு செய்யுங்கள். பொறுப்பற்ற நடத்தை."

நான் பதிவு செய்தேன். தாய்ப் பறவை கம்பத்திலிருந்து ஒருமுறை கூவியது. கூண்டுக்குள் குஞ்சு இறக்கையை அடித்துக்கொண்டு பதில் கொடுத்தது. மூன்றாவது உறுப்பினர், அது சாட்சியைக் கலைக்கும் செயல் என்றார்.

ஆதிகேசவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "சார், பேஜாரே வாணாம். கூண்டத் தொறந்து உட்டா, ரெக்க மொளச்சதும் அதுவே இட்டுகினு பூடும் சார். இன்னும் ஒரு மாசம்."

வீரராகவன்தான் மெதுவாக, வருத்தத்தோடு, சொன்னார்:

"ஆதிகேசவா, யோசித்துப் பேசு. இருப்பது ஒரே ஒரு அநாதை. அதையும் அம்மாவோடு அனுப்பிவிட்டால், இந்த ஆறு கூண்டு யாருக்கு? பதினோரு போர்டு யாருக்கு? நான் யாருக்கு? இந்த வாரியம் அநாதைகளுக்காக உயிரையே வைத்திருக்கிறது. அந்த அன்பை ஒரு அம்மா வந்து கெடுக்க விடலாமா? தாய் தகப்பன் கிடைத்துவிட்டால் அநாதைகளின் எதிர்காலம் என்ன ஆவது?"

மறுவாரம் ஆணை போயிற்று. உரிமை கோரும் பறவை வெளிப்பறவை என்று தீர்மானிக்கப்பட்டது. அலுவலக நேரத்தில், அதாவது காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, பராமரிப்பாளர் தகரம் தட்டி அதை விரட்ட வேண்டும். தகரம் ஒன்றும் குச்சி ஒன்றும் இத்துடன் அனுப்பப்படுகின்றன.

முதல் நாள் தட்டியபோது தாய்ப் பறவை மீனோடு மேலே மேலே சுற்றி, கத்திக் கத்தி, மீனைக் கீழே போட்டுவிட்டுப் போயிற்று. குஞ்சு கம்பியில் முட்டியது. ஆதிகேசவன் ஒரு கையால் தட்டிக்கொண்டு மறுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்படி எழுதவும் எழுதினான்: 'தட்டினேன். அழுகை வந்திச்சு.' இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாளிலிருந்து அது காலை ஒன்பதரைக்கு வந்துவிட்டுப் போய், மாலை ஐந்தடித்ததும் மறுபடி வந்தது. எங்கள் ஊழியர்களில் சிலருக்கு வருடக்கணக்காகப் புரியாத அலுவலக நேரம் அதற்கு இரண்டே நாளில் புரிந்துவிட்டது. நடுவில் ஏழு மணி நேரம் ஆதிகேசவன் வெறும் வானத்தைப் பார்த்துத் தகரம் தட்டினான். ஆணை ஆணைதானே.

ஐந்து மணிக்கு மேல் தகரத்தைத் தொடாத அவனிடம் தாய்ப் பறவைக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. அந்த நாட்களில் அவன் குஞ்சோடு பேசத் தொடங்கியிருந்தான். வேறு யாரோடு பேசுவான்? ரயில் கூவும், தூரத்தில் கம்பெனிச் சங்கு ஊதும், அவ்வளவுதான் அவன் காதில் விழும் பேச்சு. ஒருமுறை நான் உத்தரவைக் கொடுக்கப் போனபோது கேட்டேன். கூண்டருகே குந்திக்கொண்டு, "அம்மா அஞ்சி மணிக்கு வரும்மே, அயாத. எனக்குக்கூடத்தான் ஞாயித்துக்கெயமதான் ஆளு வருது, நான் அயறனா?" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் கொஞ்சம் பின்னால் போய், இருமிவிட்டு வந்தேன்.

திறப்பு விழாவுக்குப் பந்தல், தோரணம், நாகஸ்வரம் எல்லாம் வந்தன. புதுவாயலிலிருந்து லாரி வைத்துப் பொதுமக்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அந்த நிலத்திலிருந்து லாரி வைத்துக் கொண்டுபோகப்பட்டவர்கள். சின்னப்பொண்ணுவும் வந்திருந்தாள். பொதுமக்கள் என்ற முறையில் அன்று அவள் உள்ளே வரலாம், பணியாளரோடு பேசத்தான் கூடாது. கூட்டத்தில் உட்கார்ந்து புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீரராகவன் முக்கால் மணி நேரம் பேசினார். "தாய் என்பவள் யார்? சோறு போடுவாள், தூங்க வைப்பாள். ஆனால் அவளிடம் ஒரு பதிவேடு உண்டா? எத்தனை மணிக்கு ஊட்டினாள் என்பதற்குக் கையெழுத்து உண்டா? எங்கள் வாரியத்தில் எல்லாம் உண்டு. எனவே தாயினும் சிறந்தது வாரியமே! நாட்டிலுள்ள குஞ்சுகள் யாவும் எங்களிடம் வந்துசேரும் பொன்னாளை எதிர்நோக்கி..." என்று சொல்லும்போது கை தட்டச் சொன்னார்கள். தட்டினோம்.

பிறகு சாப்பாடு. பிரதம விருந்தினரின் இலையில் பொரித்த வஞ்சிரம் வைத்தார்கள். மணி பன்னிரண்டரை, அலுவலக நேரம்தான். ஆனால் மீனைக் கண்ட பறவை சும்மா இருக்காது. பந்தலின் திறந்த பக்கமாக ஒரு வீச்சு, அவ்வளவுதான். துண்டு மீன் இலையில் இல்லை. பிரதம விருந்தினர் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. தாய்ப் பறவை எல்லோரும் பார்க்க மூன்றாம் கூண்டின் மேல் உட்கார்ந்து, மீனைக் கிழித்துக் குஞ்சுக்கு ஊட்டத் தொடங்கியது.

"ஐயோ, அம்மாடா அது! பெத்தவடா!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். நூறு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன், சொல்ல வெட்கமில்லை.

"யாருய்யா அது?" என்றார் பிரதம விருந்தினர்.

வீரராகவனுக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனால் இருபது வருட அனுபவம் கைவிடவில்லை. "நம்முடைய ஊழியர் ஐயா. வளர்ப்புத் தாயாக நியமித்திருக்கிறோம்."

"பலே! பறவையையே வேலைக்கு வைத்திருக்கிறீர்களா? மற்ற மாநிலத்திலிருந்து ஆட்களை அனுப்புகிறேன், வந்து பார்க்கட்டும்" என்றார் அவர்.

சொன்னது சொன்னதுதான். நியமன ஆணையை அன்று மாலையே தட்டினேன். 'பெற்ற தாய் என்ற கோரிக்கைக்கு ஊறு விளைவிக்காமல், தற்காலிக வளர்ப்புத் தாயாக நியமிக்கப்படுகிறது.' நியமனம் என்று வந்துவிட்டால் விதி பதினான்கு வந்துவிடுகிறது. பணியாளர் வளாகத்துக்குள்ளேயே தனித்து வசிக்க வேண்டும். பணியாளரும் பயனாளியும் ஒரே கூண்டில் இருக்கக் கூடாது. ஆகவே குஞ்சு மூன்றாம் கூண்டிலும் தாய் ஆறாம் கூண்டிலும். இடையில் மறைப்புத் தட்டி. அந்தப் பறவை பயப்படாத ஒரே ஆள் ஆதிகேசவன் என்பதால், வரும் திங்கட்கிழமைக்குள் அவனே அதைப் பிடித்துப் பணியில் சேர்க்க வேண்டும். தவறினால் வேலை போகும்.

அதற்கு முந்தின ஞாயிறு மூன்று மணிக்குச் சின்னப்பொண்ணு கேட்டுக்கு வெளியே நின்றாள். அங்கே நடந்ததை ஆதிகேசவன் பின்னால் என்னிடம் சொன்னான்.

"இன்னாய்யா மொகம் இப்டி கீது?"

ஆணையைப் படித்துக் காட்டினான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"புடிச்சிடுவியா நீ?"

"புடிக்கணும்னா புடிக்கலாம்மே. கையிலயே வந்து குந்துது. ரெண்டு நிமிசம்."

"புடிச்சா?"

"எனக்கு வேல இருக்கும். அதுங்க ரெண்டும் ஆளுக்கொரு கூண்டுல, மொகத்தப் பாக்காத கெடக்கும்."

சின்னப்பொண்ணு கம்பி இடுக்கால் மூன்றாம் கூண்டைப் பார்த்தாள். "நாம படறது போதாதாய்யா? அந்த வாயில்லாத சீவனுங்களும் படணுமா? தொறந்து உட்று. வேல போனா போவட்டும், நீ ஊட்டுக்கு வந்துடு. கூலி வேல பாத்துக்கலாம்" என்றாள். இரண்டு பேருக்கும் சட்டென்று சந்தோஷமாகிவிட்டது. வேலை போவதில் இவ்வளவு நல்லது இருப்பது அதுவரை அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு அவன் மூன்றாம் கூண்டைத் திறந்தான். எட்டு வாரக் குஞ்சு, இறக்கை முழுசாக வளர்ந்திருந்தது. ஆனால் வாசல்வரை நடந்து வந்து அவனையே பார்த்தது. அவன் நகர்ந்து நின்றான். தாய்ப் பறவை மீனோடு வந்து, கூண்டின் மேல் இறங்காமல், தள்ளி வேலிக் கம்பத்தில் உட்கார்ந்து கூவியது. குஞ்சு தரையில் தத்திப் போயிற்று. அம்மா இன்னும் தள்ளி விளக்குக் கம்பத்துக்குப் போயிற்று. குஞ்சு அடித்துப் பிடித்து வேலியில் ஏறியது. அங்கிருந்து விழப்போய், விழாமல், பறந்தது. இரண்டும் ஏரிப் பக்கமாகப் போவதைக் கண்ணுக்குத் தெரியும்வரை பார்த்தான். "போ, போ, போ" என்று கைதட்டிக் கத்தினானாம். பிறகு திரும்பிப் பார்த்தால் திறந்த கூண்டு. அழுதுவிட்டேன் சார் என்றான். சந்தோஷமா துக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை.

திங்கள் காலை, தாய்ப் பறவை பணியில் சேர்ந்த அறிக்கையைத் தட்டுவதற்காக நான் மிஷினைத் தூக்கிக்கொண்டு இயக்குநரோடு ஜீப்பில் போனேன். ஆதிகேசவன் வெள்ளைச் சட்டை போட்டு, பெட்டியைக் கட்டி, கேட்டருகே நின்றிருந்தான். வெளியே சின்னப்பொண்ணு. கிழமை தப்பி வந்திருந்தாள், அழைத்துப்போக.

"குஞ்சு எங்கே?"

"அம்மாவோட பூட்ச்சி சார். நான்தான் தொறந்து உட்டேன். சாவி இந்தாங்க."

வீரராகவன் காலிக் கூண்டின் முன்னால் கொஞ்சநேரம் நின்றார். கோபப்படவில்லை. கூண்டுக் கதவை மூடினார், பூட்டினார், இழுத்துப் பார்த்தார்.

"வேறு யாருக்குத் தெரியும்?"

"எங்க ஊட்டுக்காரிக்குத் தெரியும் சார். வேற யாருக்கும் தெரியாது."

"அப்படியென்றால் போகவில்லை" என்றார் இயக்குநர். "இங்கே பார் ஆதிகேசவா. கல்வெட்டு வைத்தாயிற்று. வெளி மாநிலத்தார் வரப்போகிறார்கள், கேட்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பார்கள். பறவைகள் தூங்குகின்றன என்று சொல். தினமும் 'இருப்பு: இரண்டு' என்று எழுது. உன் மேல் எனக்குக் கோபமே இல்லை. வேலையும் நிரந்தரம் ஆக்கித் தருகிறேன்."

"வேல வாணாம் சார். கூண்டு காலியாப் பூட்ச்சில்ல, நான் ஊட்டுக்குப் போறேன் சார்."

வீரராகவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நீ போய்விட்டால் பறவைகளை யார் பார்த்துக்கொள்வது?"

ஆதிகேசவன் என்னைப் பார்த்தான். நான் மிஷினில் காகிதம் செருகினேன்.

"போகிறவனை நான் தடுக்கமாட்டேன்" என்றார் இயக்குநர், அதே சாந்தமான குரலில். "ஆனால் நீ போனால் பறவை போனது தெரிந்துவிடும். அரசாங்கத்துக் கருடன் இரண்டு காணவில்லை என்று போலீசில் நான் எழுதிக் கொடுக்க வேண்டிவரும். உன் மனைவிக்கும் தெரியும் என்று நீயே சொல்லிவிட்டாய். இரண்டு பேரையும் அழைப்பார்கள். எதற்கு?"

"எத்தினி நாளிக்கி சார் இப்டி எயுதணும்?"

"நான் ஓய்வு பெறும்வரைக்கும்."

"எப்ப சார் அது?"

"பதினோரு வருஷம்."

ஆதிகேசவன் பெட்டியைக் கீழே வைத்தான். கேட்டண்டை போனான். சின்னப்பொண்ணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "குஞ்சி இல்லாத கூண்டுக்கு ஆளு இன்னாத்துக்குய்யா?" என்று கேட்டாள். "மெதுவா பேசு மே" என்றான். அவள் அங்கேயே, வேலிக்கு வெளியே, மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவனும் உள்ளே உட்கார்ந்தான். கம்பிக்கு நடுவே அவள் கையை நீட்ட, அவன் பிடித்துக்கொண்டான். எனக்கு எழுந்து போய் அந்தக் கேட்டைத் திறந்துவிடத் தோன்றியது. நான் திறக்கவில்லை. எனக்கும் வேலை வேண்டியிருந்தது.

'இருப்பு: இரண்டு' என்று தட்டினேன். இயக்குநர் கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் ஏறும்போது அவர் வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்று ஞாயிறு அல்ல, திங்கட்கிழமை" என்றார் என்னிடம். "குறித்துக்கொள்."

குறித்துக்கொண்டேன்.